பால்மர மண்ணில் ஒரு காற்றுக் கசிவு

திராட்டிலை முழுவதும் விட்டாயிற்று. எஞ்சின் சட்டென்று இறங்கி அடங்க வேண்டும். ஆனால் சத்தம் உயரத்திலேயே நிற்கிறது. சில நொடி கழித்து மனமில்லாமல் இறங்குகிறது. சில நேரம் இறங்குவதே இல்லை, சாவியைத் திருப்பித்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. பழைய மோட்டாரைப் புதுப்பிக்க எடுத்தவர்களுக்கு இது நன்கு பழக்கமான கோளாறு. உடனே கை போவது கார்புரேட்டருக்கு. ஏர் ஸ்குரூவை அரைச் சுற்று திறப்பார்கள், ஐட்லிங் ஸ்குரூவைக் குறைப்பார்கள், ஊசியை ஒரு படி ஏற்றுவார்கள், ஜெட்டை மாற்றுவார்கள். காலையில் சரியாக நின்ற வண்டி மத்தியானம் சூடேறியதும் மறுபடி கத்தும். குற்றம் கார்புரேட்டரில் இல்லை. கார்புரேட்டருக்குத் தெரியாமல் வேறொரு வழியில் காற்று எஞ்சினுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது.

மலாக்கா மாநிலத்தில் ஜாசின், மெர்லிமாவ், அசாஹான், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களையும் சிறு பட்டணங்களையும் அறிந்தவர்களுக்கு இரண்டு வண்டிகளைச் சொன்னால் போதும். முதலாவது கப்சாய் என்று எல்லா இனத்தவரும் அழைக்கும் ஹோண்டா கப் வகை, குறிப்பாக 72 சிசி கொள்ளளவுள்ள சி70. 1958-இல் ஜப்பானில் பிறந்த இந்தக் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 2017-இல் 10 கோடியைத் தாண்டியது. மோட்டார் பூட்டிய வேறெந்த வாகனமும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. மேற்பார்வை செய்த மண்டோரும் கணக்கெழுதிய கிராணியும் செம்மண் பாதையில் போனதும், பின் கேரியரில் ரப்பர் பால் வாளி கட்டிச் சென்றதும் இதில்தான். இரண்டாவது யமாஹா ஆர்எக்ஸ்-இசட். 1985-இல் வந்தது, ஹோங் லியோங் யமாஹா மலேசியாவிலேயே தயாரித்தது, 133 சிசி, டூ ஸ்ட்ரோக். இந்தியாவில் 1985 முதல் 1996 வரை எஸ்கார்ட்ஸ் தயாரித்த ஆர்எக்ஸ்100-க்கு உறவுக்காரன். எம் எழுத்தில் தொடங்கும் பழைய எண் பலகையோடு வீட்டுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த இந்த வண்டிகளைத்தான் இப்போது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெளியே இழுக்கிறார்கள்.

எஞ்சின் சுவாசிப்பதைப் பார்ப்போம். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். சும்மா நிற்கும்போது கலவையைச் சற்றுக் கொழுப்பாக, 13-க்கு 1 என்கிற அளவை ஒட்டி வைப்பது வழக்கம். இந்த விகிதத்தைக் காப்பது கார்புரேட்டரின் முக்கிய வேலை. தன் தொண்டை வழியாகப் போகும் காற்று எவ்வளவோ, அதற்கேற்ப ஜெட்டிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். தன் வழியாகப் போகாத காற்றைப் பற்றி அதற்கு எந்த அறிவும் கிடையாது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் செண்டோல் குடித்துப் பார்த்தவருக்கு மீதியை விளக்க வேண்டாம். உறிஞ்சும் பலம் அதேதான். வாய்க்கு வருவது பாதி காற்று.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓட்டை எவ்வளவு சிறியதாக இருந்தாலே போதும் என்பது தெரியும். சி70 நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிற்கும்போது 750 முறை காற்றை உள்ளிழுக்கிறது. சிலிண்டர் முழுவதும் நிரம்பினால் நிமிடத்துக்கு 54 லிட்டர். ஆனால் திராட்டில் மூடியிருப்பதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், அதாவது 18, 19 லிட்டர்தான் போகும். மூடிய திராட்டிலுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள குழாயில் அப்போது அழுத்தம் மிகவும் தாழ்ந்திருக்கும். உறிஞ்சும் கணத்தில் வெளிக்காற்று அழுத்தத்தில் பாதிக்கும் கீழே கூடப் போகலாம். அந்தக் குழாயில் 1 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை இருந்தால், அதன் வழியே நிமிடத்துக்கு 4 லிட்டரை ஒட்டிய காற்று பீறிட்டு நுழையும் என்பது தோராயக் கணக்கு. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு! 13-இல் இருந்த கலவை 16-ஐ நெருங்கிவிடும். அதே வண்டியைத் திராட்டில் முழுவதும் திறந்து 8000 சுற்றில் ஓட்டினால் நிமிடத்துக்கு 240 லிட்டருக்கு மேல் காற்று போகிறது. குழாயில் உறிஞ்சும் விசையும் குறைவு. அப்போது அந்தத் துளையின் பங்கு நூற்றில் ஒன்றோ இரண்டோதான். நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடி, சிவப்பு விளக்கில் நின்றதும் தகராறு செய்யும் வண்டியின் ரகசியம் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. ஜெட்டை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாததற்கும் இதுவே காரணம். ஜெட் எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் பெட்ரோலைக் கூட்டும். கசிவோ ஒவ்வொரு வேகத்திலும் வேறுவேறு அளவில் காற்றைக் கூட்டும்.

அலோர் காஜாவை அடுத்த பெகோவில் 2003 முதல் ஹோண்டா கார் ஆலை இயங்குகிறது. அங்கிருந்து வெளிவரும் காரின் எஞ்சினில் இதே மாதிரி சிறு கசிவு வந்தால், புகைக் குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி அதைக் கண்டுபிடித்து, கணினி பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிச் சமாளிக்கும். சமாளிக்க முடியாவிட்டால் மஞ்சள் விளக்கைப் போட்டுக் காட்டும். பழைய வண்டிக்கு உணரி என்றால் அது மெக்கானிக்கின் காதுதான்.

ஓட்டை எங்கே இருக்கலாம் என்பது எஞ்சின் வகையைப் பொறுத்தது. சி70 ஃபோர் ஸ்ட்ரோக். அதில் தேட வேண்டிய இடம் கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சாண் தூரம்தான். அலுமினியக் குழாய், வெப்பம் ஏறாமலிருக்க வைத்த பேக்கலைட் துண்டு, ஓ-ரிங், கேஸ்கெட், அவ்வளவே. இங்கே அதிகம் நடக்கும் கொடுமை, போல்ட்டை இறுக்கி இறுக்கியே கார்புரேட்டரின் காதை வளைத்துவிடுவது. கசிகிறது என்று இறுக்குவார்கள். இறுக்க இறுக்க இரண்டு முனைகளும் முன்னால் வளைந்து, நடுவில் இடைவெளி பெரிதாகும். தடித்த கண்ணாடிப் பலகை மேல் 400-ஆம் எண் நீர் உப்புத்தாளை விரித்து, எட்டு வடிவத்தில் மெதுவாகத் தேய்த்தால் அரைமணியில் மட்டமாகிவிடும். புது கார்புரேட்டர் வாங்க ஓட வேண்டியதில்லை.

ஆர்எக்ஸ்-இசட் கதை வேறு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்கேஸும் ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கிராங்கேஸில் அழுத்தம் குறைந்து கலவை உள்ளே வருகிறது. கீழே இறங்கும்போது அழுத்தம் ஏறிக் கலவை சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. 6000 சுற்றில் இது நொடிக்கு 100 முறை. கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள் உறிஞ்சலையும் தள்ளலையும் மாறி மாறித் தாங்க வேண்டும். மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் வெறும் காற்று நுழையும். பிளக் வெளுக்கும், பிஸ்டன் காயும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் நுழைவது கியர் எண்ணெய். வெண்புகை ஓயாது, பிளக் கறுத்து எண்ணெய் வடியும், கியர் எண்ணெய் எங்கே போகிறதென்றே தெரியாமல் குறையும். இரண்டும் ஒரே சமயத்தில் பாதி பாதியாகப் போய், பிளக் நிறம் பார்க்கப் பழுப்பாக, சரியாக இருப்பதுபோல் ஏமாற்றுவதும் உண்டு.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கசிவு ஒரு தொல்லை. டூ ஸ்ட்ரோக்கில் அது கொலைகாரன். கலவை மெலிந்தால் எரிப்பு சூடேறும். பிஸ்டன் தலையைக் குளிர்விக்க வரும் பெட்ரோலும் குறையும். அலுமினியப் பிஸ்டன் இரும்புச் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து, ஒரு கட்டத்தில் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டிக்கொண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அது எவ்வளவு நொடிப்பொழுதில் நடக்கும் என்று தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கசிவு வழியே நுழையும் காற்று ஏர் ஃபில்டர் வழியாக வரவில்லை. தோட்டத்துச் செம்மண் தூசி நேராக உள்ளே போய் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கும். அழகாக பாலிஷ் போட்டு, குரோம் முலாம் பூசி, எஞ்சினை மட்டும் இப்படி அரைபட விடுவது வீண் செலவு.

ஏன் பழைய வண்டி கசிகிறது? பெரும்பாலும் ரப்பர் செத்துப்போனதால். இந்த மாநிலத்தில் இதைச் சொல்லும்போது ஒரு வேடிக்கை இருக்கிறது. 1896-இல் தான் சாய் யான் என்ற சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் பால்மரக் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் போட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசாஹானில் பெரிதாக விரித்தார். அதன் பின்னால்தான் மலாயா முழுக்க ரப்பர் தோட்டங்கள், லயங்கள், அவற்றில் தமிழர்கள். உலகத்துக்கே ரப்பர் கொடுத்த மண்ணில் நிற்கும் மோட்டாரின் ஆயில் சீலில், அந்த மரத்துப் பால் ஒரு சொட்டும் இல்லை.

இருக்கவும் முடியாது. பால்மரத்து ரப்பர் ஐசோபிரீன் என்னும் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. பெட்ரோலும் அதே கார்பனும் ஹைட்ரஜனும்தான். இனம் இனத்தோடு சேரும் என்பது வேதியியலில் பொதுவான விதி. பெட்ரோல் மூலக்கூறுகள் ரப்பர் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கிக்கொண்டே போகும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரில் சங்கிலிகளுக்கு இடையே பாலங்கள் இருப்பதால் அது கரையாமல் ஊதிப் பருக்கும். பதப்படுத்தாத ஒட்டுப்பால் என்றால் கூழாகவே ஆகிவிடும். நம்பாதவர்கள் ஒரு துண்டு ரப்பர் பாண்டைப் பெட்ரோலில் ஓரிரவு போட்டு வைத்துக் காலையில் அளந்து பார்க்கலாம்.

இதற்கு மாற்று 1930-களில் ஜெர்மனியில் வந்த நைட்ரைல் ரப்பர். பியூட்டாடையீனோடு அக்ரிலோநைட்ரைல் சேர்த்துச் செய்தது. அந்த நைட்ரைல் தொகுதியில் மின்னூட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதால் பெட்ரோலுக்கு அதனோடு ஒட்டுறவு இல்லை. பெட்ரோலைத் தாங்கும் இந்த ரப்பரின் மூலப்பொருள் வருவது பெட்ரோலியத்திலிருந்தே என்பது இன்னொரு வேடிக்கை. அக்ரிலோநைட்ரைல் கூடக் கூட எண்ணெயைத் தாங்கும் சக்தி கூடும், குளிரில் விறைப்பும் கூடும். குளிர் என்பதே இல்லாத மலாக்காவில் அந்த இரண்டாவது குறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நம் மரமும் சும்மா விட்டுவிடவில்லை. ரப்பர் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளில் பாதியில் ஆக்சிஜனை ஏற்றினால் எண்ணெயைத் தாங்கும் திறன் நடுத்தர நைட்ரைல் அளவுக்கு வந்துவிடுகிறது; மலேசிய ரப்பர் வாரியம் இதை எக்கோபிரீனா என்ற பெயரில் தயாரிக்கிறது. பழைய மோட்டார் சீல் வாங்கப் போகிறவருக்குக் கடையில் கிடைப்பது இன்னமும் நைட்ரைல்தான்.

நைட்ரைலும் சாகாவரம் பெற்றதல்ல. சூட்டில் ஆண்டுக்கணக்காக அமுங்கிக் கிடக்கும் ஓ-ரிங்கில் பழைய பாலங்கள் அறுந்து, அமுங்கிய வடிவத்திலேயே புதுப் பாலங்கள் விழும். கழற்றிப் பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு சப்பையாக இருக்கும். பள்ளத்தைவிட்டு மேலே துருத்தி நிற்காத ஓ-ரிங் எதையும் அடைக்காது. கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பர் மூட்டு வேறு விதமாகச் சாகிறது. காற்றிலுள்ள ஓசோன் இழுபட்டிருக்கும் இடத்தில் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். கையில் வைத்து வளைத்தால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும். வண்டியில் மாட்டியிருக்கும்போது பார்த்தால் கறுப்பாக, புதிது போலவே இருக்கும். நிறுத்தி வைத்த வண்டியின் சீல் உதடுகள் ஒரே இடத்தில் காய்ந்து கிராங்கோடு ஒட்டி, முதல் உதையிலேயே கிழிவதும் நடக்கிறது. ஓடாத வண்டியின் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும் என்று விற்பவர் சொல்வதை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் நம்புவதில்லை.

கண்டுபிடிக்கும் வழிகளில் பட்டறைகளில் பரவலாக இருப்பது, ஓடும் எஞ்சினின் இணைப்புகள் மேல் கார்ப் கிளீனரையோ பெட்ரோலையோ பீய்ச்சி, சத்தம் மாறுகிறதா என்று கேட்பது. சூடான புகைக் குழாய் ஒரு சாண் தள்ளி இருக்கும்போது இது தீ வைத்துக்கொள்ளும் வேலை. வெறும் தண்ணீர்த் தெளிப்பானே போதும். தண்ணீர் வெடிப்பை ஒரு கணம் அடைக்கும், அந்தக் கணத்தில் எஞ்சின் இறங்கும். சோக்கை இழுத்தால் வண்டி ஒழுங்காகிறதா என்பதும் நல்ல அடையாளம்; ஒழுங்கானால் கலவை மெலிந்திருக்கிறது என்று பொருள். ஆனால் மேக்னெட் மூடிக்குப் பின்னால் இருக்கும் சீலுக்கு இந்த வித்தைகள் எதுவும் எட்டாது. டூ ஸ்ட்ரோக் என்றால் அழுத்தச் சோதனை ஒன்றுதான் கடைசித் தீர்ப்பு.

அதற்கான கருவி விலை உயர்ந்த ஒன்றல்ல. இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பம்பும் முள் மீட்டரும் போதும். அதன் அளவுகோல் 300 மி.மீ. பாதரசம் வரை, ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. இந்தச் சோதனைக்கு வேண்டியதும் அதுவேதான். 10 பிஎஸ்ஐ-யைத் தாண்டினால் நல்ல சீலே இடத்தைவிட்டு நகரும் என்பதால், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸரை இங்கே கொண்டுவரக் கூடாது. புகைக் குழாயைக் கழற்றி, அந்த வாயை ஓர் இரும்புத் தகடும் பழைய டியூபில் வெட்டிய துண்டும் வைத்து மூட வேண்டும். பெட்ரோல் படாத, காற்றை மட்டும் அடைக்கும் இந்த வேலைக்கு டியூப் ரப்பர் அருமையானது. பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். பிஸ்டன் அடியில் நிற்க வேண்டும், அப்போதுதான் கிராங்கேஸும் சிலிண்டரும் ஒரே அறையாகும். ஆட்டோலூப் எண்ணெய்க் குழாயையும் அடைத்துவிட வேண்டும்.

பம்ப் செய்வது எங்கிருந்து என்பதில் கவனம் தேவை. ஆர்எக்ஸ்-இசட்டில் ரீட் வால்வு இருக்கிறது; அது உள்ளே மட்டும் திறக்கும். பிளக் துளை வழியாகப் பம்ப் செய்தால் ரீட் மூடிக்கொண்டு, கார்புரேட்டர் மூட்டுக்கு அழுத்தம் போகவே போகாது. மூட்டு வெடித்திருந்தாலும் சோதனை தேறிவிடும். எனவே கார்புரேட்டரைக் கழற்றி, அந்த ரப்பர் மூட்டின் வாயில் ஒரு மர அடைப்பானைச் செருகி, அதன் நடுவே குழாயை விட்டுப் பம்ப் செய்ய வேண்டும். 260 மி.மீ. வரை ஏற்றி, கடிகாரத்தைப் பார்க்கலாம். ஒரு நிமிடத்தில் 50 மி.மீ.க்கு மேல், அதாவது 1 பிஎஸ்ஐ-க்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்புகளிலும் தடவ வேண்டும்: சிலிண்டர் அடி, ஹெட், ரீட் கூடு, கிராங்கேஸ் இரண்டாகச் சேரும் கோடு, மேக்னெட்டைக் கழற்றிய பின் தெரியும் சீல். எங்கும் குமிழி இல்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால் கியர் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து காது வைக்கலாம்; கிளட்ச் பக்கத்துச் சீல் சீறுவது அங்கே கேட்கும். அடைப்பானும் தகடும் கசியவில்லை என்று முதலில் உறுதி செய்யாவிட்டால் நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார வேண்டியதுதான்.

அடைப்பதில் இரண்டு விஷயங்களுக்கு மேல் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று, பெட்ரோல் படும் இடத்தில் சிலிக்கோன் பசை கூடாது. இந்தப் பசைமேல் எனக்குத் தனி விரோதமே உண்டு. பெட்ரோலில் ஊறி, உப்பி, நாராகப் பிரிந்து, கசிவை அடைக்காமல் ஜெட்டைப் போய் அடைக்கும். இணைப்பு மட்டமாக இருந்தால் நல்ல கேஸ்கெட் தாளே போதும். கிராங்கேஸ் கோட்டுக்கு மட்டும் பெட்ரோல் தாங்கும் பசையை மெல்லிய படலமாகப் பூசலாம். இன்னொன்று, புதுச் சீலைப் போடும் முன் கிராங்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பழைய சீலின் உதடு ஆண்டுக்கணக்கில் உரசி இரும்பிலேயே ஒரு பள்ளம் போட்டிருக்கும், நகத்தை ஓட்டினால் தட்டும். புதுச் சீலை அதே ஆழத்தில் உட்கார வைத்தால் உதடு நேராக அந்தப் பள்ளத்தில் விழும். இடம் இருந்தால் ஒரு மி.மீ. தள்ளி உட்கார வைக்கலாம். உதட்டில் கிரீஸ் தடவி, கிராங்கின் பற்கள் கிழிக்காதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நுழைக்க வேண்டும். கிராங்கை மேலும் கீழும் ஆட்டினால் அசைவு தெரிகிறது என்றால் போனது பேரிங். அதை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, ஆடும் கிராங்கில் எந்த உதடும் நிலைக்காது.

எல்லாம் பூட்டி, மறுபடி பம்ப் செய்து, முள் அசையாமல் நின்றால் கார்புரேட்டரைத் தொடலாம். அப்போதுதான் இன்னொரு குழப்பம் வரும். கசிவு நின்ற வண்டி இப்போது கரும்புகை கக்கும், நான்கு தெரு தாண்டியதும் பிளக் அடைக்கும். முன்பு வைத்திருந்தவர் கசிவைச் சமாளிக்கப் பெரிய ஜெட் போட்டுவிட்டார் என்பதுதான் காரணம். ஜெட்டைக் கழற்றி, அதன் தலையில் பொறித்த எண்ணைப் படித்து, வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணுக்குத் திரும்ப வேண்டும்.